வலது கீழ் மூலை வளையம்

எங்கள் குடும்பத்தில் தேர்வெழுதித் தோற்றவர் யாரும் கிடையாது. என் சித்தப்பா ஒருவர் தேர்வுக்கே போகாமல் இருந்ததுண்டு. ஆனால் போய்த் தோற்றதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குள், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பி மகளின் புத்தகப் பைக்குள் உட்கார்ந்துகொண்டு, "ஓவிய அடிப்படைத் திறன்: நிறைவு பெறவில்லை" என்ற வாசகம் ஒருநாள் மாலை வந்து சேர்ந்தது.

அந்தப் பெண்ணை வீட்டில் குண்டூசி என்று கூப்பிடுவோம். உருவம் சின்னது, இருக்கும் இடம் குத்தினால்தான் தெரியும்.

மதிப்பெண் அட்டையை முதலில் பார்த்தவன் என் தம்பி. அவன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். வாடிக்கையாளர் தும்மினால்கூட அவன்தான் மன்னிப்புக் கேட்பான். அன்றைக்கும் அட்டையை என்னிடம் நீட்டும்போதே, "மன்னிச்சிருங்கண்ணா" என்றான்.

"நீயா வரைஞ்ச?"

"இல்லண்ணா."

"அப்ப எதுக்குடா மன்னிப்பு? நிமிர்ந்து நில்லு."

தம்பி மனைவி என்னோடு நேராகப் பேசுவதில்லை. மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்லுவாள். "உங்க பெரியப்பாகிட்ட சொல்லுடி. இதுல தேறினாத்தான் திங்கட்கிழமையிலேர்ந்து வண்ண அறைக்கு விடுவாங்களாம். தேறாதவங்க இன்னும் ஒரு வருஷம் பென்சில்தானாம்."

குண்டூசி அதை எனக்குச் சொல்லவில்லை. அவள் அலமாரியின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒரு வண்ணப் பெட்டி இருந்தது. அவளுடைய பிறந்தநாளுக்கு வாங்கியது. "தகுதிக்கு முந்தைய வண்ணத் தொடர்பு பிஞ்சுத் திறனைப் பாதிக்கும்" என்று பள்ளியிலிருந்து எச்சரிக்கை வந்ததால் பிரிக்காமலே மேலே போய்விட்டது. தினமும் நாற்காலி போட்டு ஏறி, பெட்டியின் மேல் மூக்கை வைத்து இழுத்துவிட்டு இறங்குவாள். வருஷம் முழுக்க அவள் வண்ணத்தோடு வைத்துக்கொண்டிருந்த உறவு அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னேன். ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் நிலையத்தில் ரயில்கள் தாமதமாக வந்ததுண்டு. மரியாதைக் குறைவாக வந்ததில்லை.

பள்ளியின் ஓவிய அறையைப் போல ஒரு சுத்தமான இடத்தை நான் பார்த்ததில்லை. சுவரில் ஒரு பொட்டு கிடையாது. மேசையில் ஒரு கீறல் கிடையாது. வண்ணப் புட்டிகள் கண்ணாடி அலமாரிக்குள் உயர வரிசையில் நின்றன. ஒன்றின் மூடிகூடத் திறக்கப்பட்டதில்லை. தூரிகைகள் எல்லாம் பிளாஸ்டிக் உறையோடு இருந்தன. கைகழுவும் குழாய்க்குப் பூட்டு போட்டிருந்தார்கள்.

"வண்ண அறை இதைவிடச் சுத்தமா இருக்கும், சார்" என்றார் ஓவிய ஆசிரியை. இளவயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

குண்டூசியின் படத்தைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். பக்கத்திலேயே மாதிரிப் படத்தையும் வைத்தார். நாடு முழுக்க எல்லாத் தொடக்கப் பள்ளிகளும் வரைய வேண்டிய படம் அது ஒன்றுதான். இரண்டு மலை. நடுவில் சூரியன். மலையிலிருந்து ஓர் ஆறு. ஆற்றோரம் ஒரு வீடு, ஒரு மரம். கீழே ஒப்புதல் கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில், வலது கீழ் மூலையில், ஒரு வளையம். முழு வளையமும் இல்லை. இடப்பக்கம் கொஞ்சம் விட்டுப் போயிருந்தது.

குண்டூசியின் படத்தில் மலை இருந்தது, சூரியன் இருந்தது, ஆறு, வீடு, மரம் எல்லாம் இருந்தன. வளையம் மட்டும் இல்லை.

"வளையத்துக்கு நாப்பது மார்க் சார்" என்றார் ஆசிரியை.

"சூரியனுக்கு?"

"பத்து."

"இது என்ன வளையம்?"

"வலது கீழ் மூலை வளையம் சார்."

"அது இருக்கற இடம். நான் கேக்கறது, அது என்னன்னு."

அவர் ஆசிரியர் கையேட்டைப் புரட்டினார். மலைக்கு ஒரு பத்தி இருந்தது. மரத்துக்கு ஒரு வரி. வளையத்துக்கு மட்டும் தனி அத்தியாயம். பென்சிலை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எந்த இடத்தில் அழுத்தம் குறைவது, விட்டுப்போன பகுதியை எப்படி விட வேண்டும் என்பதெல்லாம் இருந்தது. அது என்ன என்பது மட்டும் இல்லை.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாதிரிப் படத்தைக் குனிந்து பார்த்தேன். பிறகு நிமிர்ந்தேன்.

"ஏம்மா, இது யாரோ டீ கிளாஸை வெச்ச தடம் இல்ல?"

ஆசிரியை எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "மெதுவா சார். பயிற்சி வகுப்புல ஒருத்தர் இதையேதான் கேட்டாரு. இப்போ அவர் ஒரு தீவுல வேலை பாக்கறாரு. வாரத்துக்கு ஒரு படகுதானாம்."

தலைமை ஆசிரியை என்னை உட்காரச் சொல்லி, நான் உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பாருங்க, இந்தப் பள்ளியில நாங்க கலையை ரொம்ப மதிக்கிறோம். அதனாலதான் குழந்தைங்க கையில உடனே கொடுக்கறதில்ல. முதல் பருவம் புள்ளி. இரண்டாவது பருவம் கோடு. மூணாவது பருவம் மாதிரிப் படம். தானா ஏதாவது வரையற பழக்கம் சில குழந்தைங்களுக்கு வீட்டிலேயே வந்திருது. அதை எடுக்கத்தான் எங்களுக்கு ஒரு வருஷம் ஆகுது."

"என் தம்பி பொண்ணு ஒண்ணும் தப்பா வரையலையே?"

"தப்பா வரைஞ்சிருந்தா திருத்தலாம். வரையவே இல்லையே! வெற்றிடத்தை நாங்க எப்படித் திருத்தறது?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எதிர்ல ட்யூஷன் இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

எதிரே தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி. அதில் பலகை: "வளையம். உத்தரவாதம்." உள்ளே இருபது குழந்தைகள் தரையில் உட்கார்ந்து வளையம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மலை, சூரியன் எதுவும் கிடையாது. தாள் முழுக்க வளையம். ட்யூஷன் வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நடந்துகொண்டிருந்தார்.

"இடப்பக்கம் விடணும். விடுன்னா விடு! அங்க ஏன் மூடற? மூடினா எட்டு மார்க் போச்சு" என்று ஒரு பையனை அதட்டிவிட்டு என்னிடம் வந்தார். "சேர்க்கணுமா சார்? நம்மகிட்ட எல்லாம் சுத்தமான கைவேலை. மேலத் தெருவுல ஒருத்தர் நடத்தறாரு. டீ கிளாஸோட அடியை நனைச்சுத் தாள்ல வெச்சு எடுக்கறாராம். அச்சு அசலா வருது. ஆனா சொல்லுங்க, அது மோசடி இல்லையா?"

நான் படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் தம்பி முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்தான். வாங்கிப் பார்த்தேன். பித்தளையில் செய்த வளைய அச்சு. கடையில் விற்கிறார்களாம், உறையோடு.

"நம்ம வீட்டுல குறுக்கு வழியாடா?"

"மன்னிச்சிருங்கண்ணா."

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லுடி" என்றாள் தம்பி மனைவி, குண்டூசியின் தலையை வாரிக்கொண்டே. "அச்சு வாங்கியும் பிரயோசனமில்ல. இவ தொட மாட்டேங்கறா. ஒரு வளையம், ஒரே ஒரு வளையம் போட்டுக் கொடுத்தா மறுதேர்வுல விட்டுருவாங்க. பிடிவாதம். எந்த வீட்டுப் பிடிவாதமோ!"

கடைசி வாக்கியம் எனக்குத்தான் என்று புரிந்தது. குண்டூசியை உட்கார வைத்துக் கேட்டேன்.

"ஏன்டி வரைய மாட்டேங்கற?"

"மாட்டேன்."

"வரையத் தெரியாதா?"

அவள் ஒரு பழைய செய்தித்தாளை இழுத்து, பென்சிலால் ஒரே சுழற்சியில் வளையம் போட்டுக் காட்டினாள். இடப்பக்கம் சரியாக விட்டுப் போயிருந்தது. உடனே ரப்பரை எடுத்து அழித்தும் விட்டாள்.

"பின்ன என்ன?"

"சொல்லக் கூடாது பெரியப்பா."

"என்கிட்டகூடவா?"

"உங்ககிட்ட சொன்னா தெரு முழுக்கக் கேக்கும்."

மேல்முறையீடு செய்தேன். நம் பக்கம் நியாயம் இருக்கும்போது மேல்முறையீடு செய்யாமல் இருப்பது நியாயத்துக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் மேல்முறையீட்டுக்கு ஒரு விதி இருந்தது. எந்தத் திறனைப் பற்றி முறையிடுகிறோமோ அந்தத் திறனில் முறையிடுபவர் தேறியிருக்க வேண்டும்.

ஆகவே அந்த வாரமே ஒரு காலையில், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கான நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். என் முழங்கால்கள் என் காதுகளுக்குப் பக்கத்தில் வந்தன. முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. பக்கத்து நாற்காலியில், தன் இரட்டைக் குழந்தைகளின் விஷயமாக வந்த ஒரு பல் மருத்துவர் நாக்கைக் கடித்துக்கொண்டு புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

மலைகளை வரைந்தேன். சூரியனை வரைந்தேன். ஆறு என் தாளில் மலை ஏறிப் போயிற்று; அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூலைக்கு வந்தபோது பென்சிலைக் கீழே வைத்தேன். டீ கிளாஸ் தடத்தை நான் வரைவதற்கில்லை.

ஓவிய ஆசிரியை தாளைத் திருத்தும்போது தலை நிமிரவே இல்லை. "மலை ரொம்ப விறைப்பா இருக்கு சார். சூரியன் முறைக்கற மாதிரி இருக்கு. ஆறு..." என்று நிறுத்தினார். "வளையம் போட்டிருந்தீங்கன்னா தேத்தி விட்டிருப்பேன் சார். சத்தியமா."

எங்கள் குடும்பத்தின் முதல் தோல்வி குண்டூசிதான் என்று நினைத்து வந்தவன், இரண்டாவதாக நானே போய்ச் சேர்ந்தேன். சித்தப்பாவின் வழி எவ்வளவு விவேகமானது என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று.

வயதை உத்தேசித்து எனக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். விசாரணைக்கு வரலாம், பேசக் கூடாது. சட்டையில் குத்திக்கொள்ள "தேறாத உறவினர்" என்று ஒரு அட்டையும் தந்தார்கள். அப்பா என்கிற முறையில் தம்பி பேசலாம். அவன் பேசினால் என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை விசாரணை. தலைமை ஆசிரியை அறையில் மேசைக்குப் பின்னால் ஓவியத் திறன் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். மேலிடத்திலிருந்து வந்தவர். நல்ல உயரம், சுத்தமான மீசை, அடக்கமான குரல். தலைமை ஆசிரியை அவரை அறிமுகம் செய்யும்போது கையைக் கூப்பாத குறைதான். "மாதிரிப் படத்துக்குக் கீழ இருக்கற கையெழுத்து சாரோடதுதான். அந்தக் கையே நம்ம மேசை மேல இருக்கு, பாருங்க!"

எல்லோரும் பார்த்தோம். குண்டூசி இன்னும் உற்றுப் பார்த்தாள்.

"குழந்தை சார்பா என்ன சொல்லணும்?" என்று கேட்டார் மேற்பார்வையாளர், தம்பியைப் பார்த்து.

"மன்னிச்சிருங்க சார்" என்றான் தம்பி.

நான் தொண்டையைக் கனைத்தேன். ஓரமாக நின்ற ஓவிய ஆசிரியை என் சட்டை அட்டையைக் கண்ணால் காட்டினார். அடங்கினேன்.

"சிலர் வெளியில ஏதேதோ சொல்றாங்க" என்று மேற்பார்வையாளர் என் பக்கமாகவே பார்த்து ஆரம்பித்தார். "வளையத்துக்கு அர்த்தம் இல்லையாம். கறையாம். நான் சொல்றேன், கேளுங்க. அப்போ நான் புதுசா வேலைக்கு வந்தவன். இந்தப் படத்தை ஒரே மத்தியானத்துல நான் தனியா உக்காந்து இறுதி செஞ்சேன். கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினேன். எல்லாப் பள்ளிக்கும் போயிடுச்சு. அப்புறம்தான் வளையம் இருக்கறதையே கவனிச்சோம். எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. சும்மா விட்டோமா? குழு போட்டோம். குழு என்ன சொல்லுச்சு? ஒப்புதல் ஆன படத்துல தற்செயலா எதுவும் இருக்க முடியாது. அப்போ அதுக்கு ஒரு நோக்கம் இருக்கு. நோக்கம் இருந்தா பாடம் இருக்கணும். பாடம் இருந்தா மார்க் இருக்கணும். நோக்கம் என்னன்னு தெரியாததால, எவ்வளவு பெருசா இருக்கும்னும் தெரியாது. அதனால பாதுகாப்பா நாப்பது போட்டோம்."

தலைமை ஆசிரியை கைதட்டப் பார்த்துவிட்டு, விசாரணை என்பது நினைவு வந்து கையை இறக்கினார்.

"ஒரு அலுவலகத்துக்குன்னு கௌரவம் இருக்கு" என்றார் அவர். "அதைக் கறைன்னு ஒத்துக்கிட்டா, இத்தனை வருஷமா இத்தனை லட்சம் குழந்தைங்க என்ன வரைஞ்சாங்கன்னு ஆகும்?"

உண்மையைச் சொல்ல வேண்டும். கௌரவம் என்று அவர் சொன்னபோது எனக்கு அவர்மேல் ஒரு மதிப்பு வந்தது. அதை வைத்துக்கொண்டு படும் பாடு எனக்கும் தெரியும்.

அவர் குண்டூசியை மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ சொல்லு பாப்பா. எல்லாத்தையும் வரைஞ்சிருக்க. இதை மட்டும் ஏன் விட்ட? மறந்துட்டியா?"

"இல்ல."

"பின்ன? இப்போ போட்டுடேன். பென்சில் தரேன். திங்கட்கிழமை வண்ண அறைக்குப் போயிடலாம். வண்ணம் வேணாமா உனக்கு?"

குண்டூசி பென்சிலைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியாது. பெட்டியை எத்தனை நாள் மோந்திருக்கிறாள். ஆனால் பென்சிலையும் வாங்கவில்லை. மேற்பார்வையாளரின் முகத்தையும் மேசையைச் சுற்றி நின்ற எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காதுல சொல்லட்டுமா?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். அவள் இரண்டு கையாலும் அவர் காதை மறைத்து, என்னவோ சொன்னாள். நிறைய நேரம் சொன்னாள். நடுவில் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்து, யாருக்கும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

அவர் நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. மாதிரிப் படத்தை எடுத்தார். கையெழுத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்ததையும் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. படத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"நிறைவு" என்றார்.

"சார், காரணம்?" என்று தலைமை ஆசிரியை பேனாவைத் திறந்தார்.

"காரணம் நிறைவா இருக்கு" என்று எழுந்து போனார். வாசலில் நின்று குண்டூசியைத் திரும்பிப் பார்த்து, பெரிய அதிகாரியிடம் விடைபெறுவதுபோல ஒரு வணக்கம் வைத்தார்.

திரும்பி வரும்போது தெருமுனை தாண்டும் வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. "என்னடி சொன்ன அவர்கிட்ட?"

"நீங்க சத்தம் போடக் கூடாது."

"மாட்டேன்."

"அது டீ கறைன்னு எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும் பெரியப்பா. கையெழுத்துப் போட்டவர்தான் டீ குடிச்சிருப்பார். பாவம், தெரியாம வெச்சிருப்பார். அதைப் போய் எல்லாரும் வரைஞ்சு வரைஞ்சு காட்டினா அவருக்கு வெக்கமா இருக்காதா? அதான் நான் மட்டுமாவது வரையலன்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லலன்னும் சொன்னேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன்" என்று வருத்தப்பட்டாள்.

எங்கள் குடும்ப கௌரவத்தைக் காப்பாற்ற நான் கஞ்சி போட்ட சட்டையில் அலைந்துகொண்டிருந்தேன். அவள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்தவர் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் புத்தகப் பையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். சத்தமும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பள்ளிகளுக்கும் அறிவிப்பு வந்தது. வலது கீழ் மூலை வளையம் பாடத்திட்டத்தில் தொடரும். அதன் முக்கியத்துவம் கருதி, இனி அது மனத்தால் மட்டுமே வரையப்படும். மதிப்பெண் குழந்தைகள் அனைவருக்கும் முழுமையாக வழங்கப்படும். மனத்தால் சரியாக வரைந்தார்களா என்று ஆசிரியர்கள் கேட்டு அறிய வேண்டியதில்லை. பெரியவர்களைப் பற்றி அறிவிப்பில் ஒன்றுமில்லை. என் மலைகள் இன்னும் தேறாமலேதான் இருக்கின்றன.

திங்கட்கிழமை மாலை நான் வாசலில் நின்றிருந்தேன். குண்டூசி ஓடி வந்தாள். முகத்தில் பச்சை, காதில் மஞ்சள், முழங்கை வரைக்கும் நீலம். வண்ண அறையில் அன்றைக்கு யாருக்கும் மாதிரிப் படம் கொடுக்கவில்லையாம். கைகழுவ, ஓவிய அறைக் குழாய்ப் பூட்டின் சாவி கிடைக்காமல் ஓவிய ஆசிரியை செங்கல்லால் உடைத்தாராம். சொல்லிக்கொண்டே வந்து என் நெஞ்சில் இரண்டு கையையும் பதித்தாள்.

"ஐயோ, உங்க பெரியப்பா சட்டைடீ!" என்றாள் உள்ளேயிருந்து தம்பி மனைவி.

"மன்னிச்சிருங்கண்ணா" என்றான் தம்பி.

குனிந்து பார்த்தேன். இடப்பக்கம் ஒரு நீலக் கை, வலப்பக்கம் கொஞ்சம் பச்சை கலந்த இன்னொரு கை. சட்டையை மாற்றாமல் குண்டூசியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். நிமிர்ந்துதான் போனேன். முதுகு நிமிர்ந்திருந்தால்தான் இரண்டு கையும் நன்றாகத் தெரியும்.

பாதி வழியில் ட்யூஷன் வாத்தியார் எதிரே வந்தார். பலகையைக் கழற்றிவிட்டு வருகிறார் போலிருந்தது. ஆணியும் சுத்தியுமாக வந்துகொண்டிருந்தவர், என் சட்டையைப் பார்த்ததும் நின்றார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"அசையாதீங்க சார். இதுதான் புதுப் பாடமா? எத்தனை மார்க்?"

"மார்க் கிடையாது."

"மறுதேர்வுல கேப்பாங்களா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கன்னா எதுக்கு சார் போடறது?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். என்னைப் போய்க் கேட்டால்? நான்தான் தேறாதவனாயிற்றே.

குண்டூசி அவரை அண்ணாந்து பார்த்தாள். உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஈரம் இருந்தது.

"உங்களுக்கும் வேணுமா?"

வாத்தியார் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார். அந்தக் கோடியைப் பார்த்தார். பிறகு பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு, அவளுக்கு எட்டும்படி முட்டிபோட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"முதுகுல வெச்சிடு பாப்பா" என்றார் மெதுவாக. "சீக்கிரம். யாராவது பசங்க வந்துடப் போறாங்க."